கண்ணாடிக் குண்டுக்குப் பூசிய சந்தனம்

இயந்திரம் படித்து முடித்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். ஹட்டனில் எஸ்.எஸ்.சி. வரை படித்தவன், கணக்கில் நல்ல புள்ளி வாங்கியவன், கைப்பிடி வைத்த ஓர் இரும்புப் பெட்டியைப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். ஆனால் கிடந்தேன்.

அந்தப் பெட்டி கணக்குப் போடும் இயந்திரம். முன்பக்கம் சுற்றினால் பெருக்கும், பின்பக்கம் சுற்றினால் வகுக்கும், அளவுக்கு மீறிச் சுற்றினால் ‘டிங்’ என்று மணி அடித்துக் காட்டிக்கொடுக்கும். கந்தப்பளைப் பக்கம் சில தோட்டத்துக் கம்பனிகள் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய சோதனை நிலையத்தில் அது இருந்தது. அதைச் சுற்றும் தற்காலிகக் கணக்கனாக நானும் இருந்தேன். எங்கள் இருவருக்கும் மேலே ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்து வந்த ஆராய்ச்சி உத்தியோகத்தர். அவருக்கும் மேலே, மலை முகட்டுப் பங்களாவில், வெள்ளைக்காரப் பெரிய துரை.

அந்த வருடங்களில் தேயிலைக்குக் கொப்புள நோய் பிடித்திருந்தது. மேகம் கவிந்து ஈரம் நின்றால் இளங்கொழுந்தில் கொப்புளம் கட்டும். நல்ல வெயில் அடித்தால் அடங்கிவிடும். தோட்டங்களில் நாள் பார்த்துச் செம்பு மருந்து அடித்தார்கள். நோய் வராத வாரத்திலும் அடித்தார்கள், வந்து போன பிறகும் அடித்தார்கள். எப்போது அடிக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சூத்திரத்தை உண்டாக்குவதுதான் ஐயாவின் ஆராய்ச்சி.

சூத்திரம் கேட்பதற்கு எளிது. போன நாட்களின் வெயில், மழை, பனி மூன்றுக்கும் ஆளுக்கோர் எடை. எடையால் பெருக்கி, மழையையும் பனியையும் கூட்டி வெயிலைக் கழித்தால் ஓர் எண் வரும். அந்த எண் ஐயா போட்டிருந்த கோட்டைத் தாண்டினால் நோய் வரப்போகிறது என்று பொருள். பிறகு நாங்கள் மலைக்குப் போய்க் கொழுந்தைப் பிரித்துப் பார்ப்போம். சூத்திரம் பொய் சொல்லியிருந்தால் எடைகளைத் திருத்துவோம். மறுவாரம் மறுபடியும் கேட்போம், மறுபடியும் திருத்துவோம்.

“இது படிக்கும்,” என்றார் ஐயா முதல் நாளே. “பிழை விட்டுப் பிழை விட்டுப் படிக்கும். எங்களைப் போலத்தான்.”

எது படிக்கும் என்று அவர் சொல்லவில்லை. மேசையில் இருந்தது பெட்டி ஒன்றுதான். ஆகவே பெட்டிதான் படிக்கிறது என்று நான் முடிவு செய்தேன். அன்றிலிருந்து அதற்குப் பயந்து நடந்தேன். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடினேன். தூசி படக்கூடாது என்பதற்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் இல்லாத நேரத்தில் அது மேற்கொண்டு படித்துவிடக் கூடாது என்பதற்காக. ஒருநாள் ஐயா இல்லாத சமயம் பார்த்து, முதல் மாதத்தில் போட்ட பழைய கணக்கு ஒன்றை மறுபடியும் கொடுத்துச் சோதித்தேன். அதே வேகத்தில்தான் விடை வந்தது. பாசாங்கு செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பயம் தாங்காமல் கேட்டுவிட்டேன். “இது படிச்சு முடிச்சிட்டா, நான் எதுக்குங்க ஐயா?”

ஐயா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது. “அட கடவுளே. பெட்டியோ படிக்குது? நீரும் நானும் திருத்துறம் பாரும், அந்த எடையள்தான் படிக்குது. பெட்டி நீர் சுத்தினாத்தான் சுத்தும்.”

“அப்ப எடைங்க படிச்சு முடிச்சிட்டா?”

“நீர் பயப்பிடுறதுக்கெண்டே பிறந்தவர்.” கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டு சொன்னார். “அதுக்குப் பிறகுதான் உம்மட வேலையே துவங்கும். ஆராய்ச்சி உதவியாளர் எண்டு ஒரு நிரந்தர இடம் கேட்டிருக்கிறன். குவார்ட்டர்சோட. உம்மை விட்டிட்டு வேற ஆருக்குக் குடுக்கிறது?”

அந்த ‘குவார்ட்டர்ஸ்’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் தோட்டம் வட்டவளைக்குக் கீழே. தோட்டத்து ஆட்கள் இருக்கும் வரிசை வீட்டில், லயத்தில், எங்களுக்கு ஓர் அறை, ஒரு காம்பரா. அம்மா இழுப்பு வந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். நிலையத்துக்கு வந்தபோது என் பெயரைத் தோட்டத்து வேலையாள் பதிவில், செக்ரோலில், வெட்டிவிட்டார்கள். மீதி அப்பா ஒருவர். அவருக்கும் பேர் வெட்டும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற கை இல்லாத வீட்டுக்குக் காம்பரா கிடையாது. அது தோட்டத்துச் சட்டம். எனக்கு அந்த இடம் கிடைத்தால் அவர்களைக் கந்தப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த தடவை வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடியவர் அல்ல.

“மவன் மிசினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறான்,” என்று காலையில் பேர் பதியும் பெரட்டிலேயே சொல்லிவிட்டார். பொழுது சாயுமுன் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

“ஏந்தம்பி, மிசினு பாஸாயிருச்சா?” என்று பக்கத்துக் காம்பரா அக்கா கேட்டாள்.

“இன்னும் இல்லக்கா. ரெண்டாம் வகுப்புலதான் இருக்கு.”

“உன்னய மாதிரி வாத்தியார் இருந்தா எப்பிடி பாஸாகும்?”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “தோட்டத்துக் கண்டாக்கையா கேட்டாருப்பா, காம்பராவ எப்ப விடப்போறீங்கன்னு. என்ன சொல்லட்டும்?” என்றாள்.

“ஐயா வாக்குக் குடுத்திருக்காரும்மா.”

“அப்ப சரி,” என்றாள். ஐயாவை அவள் பார்த்ததே இல்லை. நான் நம்பினேன், அதனால் அவளும் நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வது? ஐயா என்னை ஆளாக நடத்தினார். தொடக்கத்தில் சூத்திரம் ஒரு வாரம் இந்தப் பக்கம் பிழைத்தால் மறுவாரம் அந்தப் பக்கம் பிழைத்தது. “சம்பள நாள்ல கள்ளுக்கடையில இருந்து வர்றவர, ரோட்டோரத்துல வலது தண்ணிக் கானுல விழப்போறாருன்னு ஒரேயடியா இழுத்தா இடது கானுல விழுந்திருவாருங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் தள்ளணும்,” என்றேன். நான் சொன்னது நகைச்சுவைக்கு. ஐயா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். அன்றிலிருந்து எடைகளைச் சிறிது சிறிதாகவே திருத்தினோம். சூத்திரம் மெல்ல நிதானத்துக்கு வந்தது. “நீரும் ஒரு ஆராய்ச்சிக்காரன்தான்,” என்றார் ஐயா. அந்தச் சொல்லை நான் வட்டவளை வரை சுமந்துகொண்டு போனேன்.

ஒரு மழைக்காலம் முழுவதும் சூத்திரம் சொன்னது பலித்தது. பெரிய துரைக்கும் ஆசை வந்துவிட்டது. அக்கம்பக்கத் தோட்டத்துத் துரைமாரை அழைத்து ஒரு சோதனை வைப்பது என்று ஏற்பாடாயிற்று. எண் கோட்டைத் தாண்டும் நாளில் நிலையத்துக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். கொடியைக் கண்டால் சுற்றியுள்ள தோட்டங்கள் மருந்தடிக்கவேண்டும். நிபந்தனை ஒன்று: சூத்திரம் சொன்னதை யாரும் கையால் மாற்றக்கூடாது. ஐயாவே முன்வைத்த நிபந்தனை அது. “மனுசன் தலையிட்டா அது விஞ்ஞானமில்லை,” என்றார்.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

மலையில் அன்று எந்தக் கருவியும் வேலை செய்யாது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மண்வெட்டி, தராசு, மருந்து தெளிக்கும் தாங்கி எல்லாம் கழுவி அடுக்கிச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைப்போம். நிலையத்து ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தோம். என் பெட்டிக்கு நானே பொட்டு வைத்தேன், கொஞ்சம் பெரியதாக. பயம் முற்றிலும் போய்விடவில்லை.

ஐயா வேட்டி சால்வையோடு வந்தார். ஊரை விட்டு வந்தவருக்கு அன்று என்ன உற்சாகமோ, ஒவ்வொரு கருவியாகப் பார்த்துக்கொண்டே போனார். புல்வெளியில் சிமெந்துத் தூணின்மேல் வெயில் அளக்கும் கண்ணாடிக் குண்டு இருந்தது. தேங்காய் அளவு இருக்கும். அதன் பின்னால் ஒரு நீல அட்டை செருகியிருப்போம். வெயில் குண்டின் வழியாகக் குவிந்து அட்டையில் பழுப்புக் கோடாகச் சுட்டுக்கொண்டு போகும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில். சூத்திரத்தில் அதிக எடை அதற்குத்தான்.

“இதை ஏன் விட்டனீர்? சிவலிங்கம் போல இருக்குது,” என்றார் ஐயா. சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, மூன்று விரலால் குண்டின் நெற்றியில் பட்டை பூசினார். நடுவில் குங்குமம். தள்ளி நின்று பார்த்தார். “இப்பத்தான் வடிவு.”

குண்டுக்கு நெற்றி எது என்று கேட்டால், சூரியன் பார்க்கும் பக்கம்.

மறுநாள் விஜயதசமி. “உம்மட பிள்ளைக்கு ஏடு தொடக்கும்,” என்று ஐயா பெட்டியைக் காட்டிக் கேலி செய்தார். நான் கும்பிட்டுவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நாள் அது.

அதற்குப் பிறகு வெயில் பிடித்தது. அந்த மாதத்தில் அப்படி வெயில் காய்வது அபூர்வம். மலையில் ஒரு மேகம் இல்லை. ஆனால் மாலையில் அட்டையை உருவிப் பார்த்தால் கோடு இல்லை. ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல் இரண்டு மூன்று புள்ளிகள். சந்தனம் காய்ந்து பாறைபோல் ஒட்டியிருந்தது.

நான் ஐயாவிடம் ஓடினேன். “ஐயா, சந்தனம் வெயில மறைக்குதுங்க. துடைச்சிரட்டுங்களா?”

அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “பூசையில வைச்சதைத் துடைக்கிறதோ? தானா விழும். மழை வந்தாக் கழுவும்.”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பூசைப் பொட்டைத் துடைக்க யாருக்கும் கை வராது. அது உதிரும் வரை கத்தியைக்கூடச் சாணை பிடிக்காமல் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆகவே நானும் துடைக்கவில்லை. மழைக்குக் காத்திருந்தேன். மழை வரவில்லை, ஏனென்றால் நல்ல வெயில். நல்ல வெயில் அட்டையில் விழவில்லை, ஏனென்றால் சந்தனம். சந்தனம் போகவில்லை, ஏனென்றால் மழை வரவில்லை. இந்தச் சக்கரத்துக்குள் நான் செக்குமாடு போல் சுற்றிக்கொண்டிருந்தேன். சூத்திரமோ நாங்கள் படிப்பித்த நல்ல மாணவன். வெயில் இல்லை என்று சொன்னோம், அது நம்பியது. எண் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் காலை கோட்டைத் தாண்டியது.

மறுபடியும் ஓடினேன். “கொடி ஏத்தவேணாங்க ஐயா. எண்ணு பொய்யின்னு நமக்குத் தெரியும்.”

ஐயாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் துரைமார் வந்து பங்களாவில் தங்கியிருந்தார்கள். கையால் மாற்றினால் நிபந்தனை போய்விடும். மாற்றாவிட்டால் மானம் போய்விடும். அவர் நிபந்தனையைத் தேர்ந்தார். “ஏத்தும்,” என்றார்.

நீல வானத்தில் சிவப்புக் கொடி ஏறியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மலை மலையாக ஆட்கள் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, வியர்வை ஊற்ற மருந்தடித்தார்கள்.

“நோயி எங்கப்பா இருக்கு?” என்று கத்தினார் மருந்தடி கங்காணி, என்னைக் கண்டதும்.

“வரும்ணே.”

“வந்தா எங்களுக்குத்தான் வரும். வெயிலுக்கே மருந்தடிக்க வச்சிட்டியே, உன் மிசினு நல்லாருக்கட்டும்.”

மாலையில் பெரிய துரை புல்வெளிக்கு இறங்கி வந்தார். குண்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். விரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பங்களாவுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

பங்களாப் படிக்கட்டில் ஐயா என் கையைப் பிடித்தார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே கிடையாது.

“நீர் ஒரு உதவி செய்யவேணும். பூசினது நீர் எண்டு சொல்லும். உங்கட சனத்தின்ர பூசை எண்டால் துரை சிரிச்சுப்போட்டு விட்டிடுவார். நான் எண்டு தெரிஞ்சா, விஞ்ஞானி எண்டு என்னை ஆர் மதிப்பான்? என்ர மூண்டு வருச வேலை போயிடும். வேலை போனால் உம்மட இடமும் போயிடும். யோசிச்சுப் பாரும்.”

நான் யோசித்தேனா? அவர் சொல்லி முடிக்குமுன் என் தலை ஆடிவிட்டது. “சரிங்க ஐயா,” என்றேன்.

“அந்த இடம் உமக்குத்தான். என்ர வாக்கு.”

துரை கேட்டார். நான்தான் பூசினேன் என்றேன். துரை உண்மையிலேயே சிரித்தார். ஐயா சொன்னது சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. வெளியே வந்ததும் ஐயா என் தோளைத் தட்டினார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஐயாவின் மைத்துனர், அவர் மனைவியின் தம்பி, விடுமுறைக்குக் குளிரை அனுபவிக்க வந்தார். கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றிய நல்ல பிள்ளை. “பொழுது போகேல்லையாம். பெட்டியை எப்பிடிச் சுத்துறது எண்டு கொஞ்சம் காட்டிவிடும்,” என்றார் ஐயா. காட்டினேன். எடை எப்படித் திருத்துவது என்று காட்டினேன். எங்கே மணி அடிக்கும், அடித்தால் எத்தனை சுற்றுப் பின்னுக்கு வரவேண்டும், எந்த எடையை அவசரப்பட்டுத் தொடக்கூடாது என்று எல்லாம் காட்டினேன். கான் கதையையும் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். விடுமுறைக்கு வந்தவருக்கு என்ன அக்கறை என்று எனக்கு அவர்மேல் மதிப்புக்கூட வந்தது.

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. எனக்கிருந்த பயம் வேறு திசையில். தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று ஆக்கியிருந்த காலம்; அதைக் கேட்பார்கள் என்று, தாத்தா இந்தியாவிலிருந்து வந்தது, அப்பா பிறந்தது என்று வீட்டில் கிடைத்த தாள்களையெல்லாம் அம்மாவின் பழைய சேலைத் துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனேன். நடையில் மைத்துனர் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரையைப் பார்த்து விடைபெற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து போய், “குளிர் எப்படிங்க?” என்றுகூட விசாரித்தேன்.

உள்ளே மேசைக்குப் பின்னால் பெரிய துரை, இன்னொரு துரை, ஐயா. மூட்டையை யாரும் பார்க்கவில்லை. சூத்திரத்தைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பெரிய துரை என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“கருவிக்குச் சாயம் பூசிய ஆள் இவர்தானே?” என்று இங்கிலீசில் ஐயாவிடம் கேட்டார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார், இந்த இடத்தில்தான் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். ஐயா தன் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

“நல்ல பிள்ளை,” என்றார், இங்கிலீசில்தான். “கைவேலைக்குக் கெட்டிக்காரன். ஆனால் கருவிகளை நம்பி ஒப்படைக்க முடியாது. அவர்களுடைய மூடநம்பிக்கைகள் அப்படி.”

இங்கிலீசில் சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைத்தாரா, புரிந்தாலும் பேசமாட்டேன் என்று நினைத்தாரா என்று நான் இன்றுவரை யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அவர் என்னைச் சரியாகக் கணித்திருந்தார். நான் பேசவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால், அன்று துரையிடம் சொன்னது பொய் என்றாகும். பொய்யனுக்கும் வேலை இல்லை, மூடனுக்கும் வேலை இல்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். துரை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

ஐயாவை அவர் வேலை பார்க்கும் கந்தோர் வாசலில் பிடித்தேன். “நீங்கதான பூசுனீங்க ஐயா.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “மெல்லக் கதையும்.”

“வாக்குக் குடுத்தீங்க.”

“குடுத்தனான்தான். வீட்டில மனுசி ஒரே கரைச்சல், தம்பிக்கு ஒரு இடம் பார் எண்டு. நீர் குறை நினைக்கக்கூடாது. உமக்கெண்டால் தோட்டம் இருக்குது. அவனுக்கு என்ன இருக்குது, சொல்லும்?”

இதற்கு மறுமொழி எனக்கு அன்று வரவில்லை. பிறகு எத்தனையோ மறுமொழிகள் வந்தன. ரயிலில் ஒன்று, லயத்து வாசலில் ஒன்று, கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது நல்லதாக ஒன்று. கேட்கத்தான் ஆள் இல்லை.

வீட்டில் அம்மா மட்டும், “ஐயா வாக்குக் குடுத்தாருன்னியே?” என்று கேட்டாள். “குடுத்தாரும்மா,” என்றேன்.

இடம் மைத்துனருக்குக் கிடைத்தது. குவார்ட்டர்சும்தான். சூத்திரத்தைப் பற்றிய கட்டுரை ஐயாவின் பெயரில் அச்சாகி வந்தது. சிறிது சிறிதாகத் திருத்தும் முறையும் அதில் இருந்தது. நான் வட்டவளைக்கு வந்து, பெரட்டில் நின்று பேர் பதிந்து, கவ்வாத்து வெட்டப் போனேன். அப்பாவின் பெயரை வெட்டியபோது காம்பரா என் பெயருக்கு மாறியது.